மூன்றாம் முறை கேட்டபோது

பாரிஸ் நகரின் தென்புறத்தே பிசேத்ர் என்னும் பழைய வைத்தியசாலை ஒன்றுண்டு. 1861ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அதன் சத்திரசிகிச்சைப் பகுதிக்கு, வலக்கால் அழுகிய நிலையில், 51 வயதுடைய நோயாளர் ஒருவர் கொண்டுவரப்பட்டார். எதை வினவினாலும் அவர் வாயிலிருந்து வந்த ஒலி 'தான், தான்' என்பதே. தமிழ்ச் செவிக்கு அது பொருளுள்ள சொல்லாகவே கேட்கும். அவர் வாயிலோ அது எல்லாவற்றுக்கும் ஒரே விடை. வைத்தியசாலையில் அவருக்கு அதுவே பெயராயிற்று.

அவரைப் பரிசோதித்தவர் போல் புரோக்கா என்னும் வைத்தியர். பேச்சுக்கு மூளையில் தனியிடம் உண்டா என்ற வாதம் பாரிஸ் அறிஞரிடையே சூடுபிடித்திருந்த காலம் அது. "இங்கு வந்து எத்தனை ஆண்டு?" என்று அவர் கேட்டார். நோயாளரின் வலக்கை முடங்கியிருந்தது. இடக்கையை நான்கு முறை விரித்துக் காட்டி, பின்னர் ஒரு விரலை நீட்டினார். 21 ஆண்டு, கணக்குச் சரியே. மறுநாளும் அதே வினா, அதே விடை. மூன்றாம் முறை கேட்டபோது, தம்மை வைத்துச் சோதனை நடக்கிறது என்பது நோயாளருக்கு விளங்கிவிட்டது. அவர் சினங்கொண்டார். இறைவன் பெயரால் இடும் வசைமொழி ஒன்று அந்த வாயிலிருந்து வெளிவந்தது. இதனைப் புரோக்காவே எழுதிவைத்துள்ளார்.

ஏப்ரல் 17ஆம் திகதி நோயாளர் இறந்தார். மறுநாளே அவருடைய மூளை மானிடவியற் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. இடப்பக்க முன்மடலிற் சிதைவு காணப்பட்ட பகுதி இன்றும் புரோக்காவின் பெயரையே தாங்கி நிற்கிறது.

புரோக்காவைக் கொடியவர் என்பதற்கில்லை. அந்நோயாளரின் அறிவு மழுங்கிவிடவில்லை என்பதைக் கண்டுகொண்டவரும் அவரே. ஆயினும் எதற்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லிக் கேட்டிருந்தால் அந்தச் சினம் எழுந்திராது. இன்றைய ஆராய்ச்சி நெறியின்படி பார்த்தால், அது சொல்லில்லாதவர் தெரிவித்த மறுப்பு.

உலக வைத்தியச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கி நகரில் வெளியிட்ட பிரகடனம், ஆராய்ச்சிக்கு உட்படுவோரின் ஒப்புதலை வற்புறுத்தியது. ஆனால் அவ்வொப்புதல் நீண்ட படிவங்களிற் புகுந்துகொண்டது. பாரிசவாதத்தாற் பேச்சிழந்த ஒருவரிடம் பல பக்கப் படிவத்தை நீட்டினால் என்ன ஆகும்? அவரை ஆராய்ச்சியினின்று விலக்கிவிடுவார்கள். அல்லது உறவினரை ஒப்பமிடச் செய்வார்கள். முன்னது இன்னும் மோசம். நன்றாகப் பேசுவோரை மட்டும் ஆராய்ந்து, பேச முடியாதோருக்கு மருந்து தேடுவது என்ன முறையோ?

வேறு வழி உண்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு செய்தி, குறுகிய வாக்கியம், பெரிய எழுத்து, பக்கத்தே ஒரு படம். 'ஆம்', 'இல்லை', 'வேண்டாம், நிறுத்துங்கள்' என்பன அட்டையில் எழுதப்பட்டிருக்கும். விரலால் தொட்டாற் போதும். பேச்சிழந்தோர் சிலர் 'இல்லை' என்று எண்ணி 'ஆம்' என்று கூறிவிடுவதுண்டு. ஆதலால் ஒரே விடயத்தை வேறுவிதமாக மீண்டும் கேட்டல் வேண்டும். ஏன் மீண்டும் கேட்கப்படுகிறது என்பதை முதலிலேயே அவருக்குச் சொல்லிவிடல் வேண்டும்.

ரொறன்ரோவில் ஓரா கேகன் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்திற் கருதத்தக்கது. அங்கே பயிற்சி பெற்றவர்கள் நோயாளரல்லர். அவர்களோடு உரையாடும் தொண்டர்களே. தொண்டர்கள் பொறுமையாகக் கேட்கவும், எழுதிக் காட்டவும், உறுதிசெய்துகொள்ளவும் பழகியபோது, பயிற்சி எதுவும் பெறாத நோயாளரும் உரையாடலில் முன்னிலும் நன்றாகப் பங்குகொண்டனர். குறை ஒருவர் நாவில் மட்டும் இருக்கவில்லை.

இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இயன்ற உதவியனைத்தும் செய்து பார்க்குமுன் ஒருவரை முடிவெடுக்க இயலாதவர் எனக் கொள்ளலாகாது என்கிறது. அத்தகைய இயலாமையுடையோர் ஆராய்ச்சியிற் சேர்க்கப்பட்டிருந்து, எதிர்ப்பின் அறிகுறியைக் காட்டினால், அவர்கள் விரும்பாததைச் செய்யலாகாது. கையைத் தட்டிவிடுதலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதலும் அத்தகைய அறிகுறிகளே.

பிசேத்ர் நோயாளருக்குத் திரும்புவோம். புரோக்கா தம் கட்டுரையில் லெபோர்ன் என்று அவருடைய குடும்பப் பெயரை மட்டுமே குறித்திருந்தார். போலந்து நாட்டு அறிஞர் ஒருவர் பழைய ஏடுகளைத் துருவி 2013இல் எஞ்சியவற்றை வெளியிட்டார். முழுப்பெயர் லூயி விக்தோர் லெபோர்ன். மொரே என்னும் ஊரிற் பிறந்தவர். பள்ளி ஆசிரியரின் மகன். பேச்சை இழக்குமுன் காலணி தைப்போருக்கான அச்சுக் கட்டைகள் செய்யும் கைவினைஞராய் இருந்தவர்.