கத்தரிக்காயைச் சத்துள்ளதாக்குவோம்



சிதம்பரம் என்றதும் நடராசர் கோயிலுக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும்தான். நம் கடலூர் மாவட்டத்துப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் 'பாலூர் 1' என்ற கத்தரி இரகத்தையே தந்துள்ளது. ஆனால் கத்தரிக்காயில் சத்து எவ்வளவு? 100 கிராம் காயில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். புரதம் ஏறத்தாழ 1.4 கிராம். நார்ச்சத்து உண்டு. ஊதாத் தோலில் உடலுக்கு நலம் தரும் நிறமிப் பொருளும் உண்டு. ஆகவே தோலைச் சீவ வேண்டாம். எனினும், உழைக்கும் உடலுக்கும் வளரும் பிள்ளைக்கும் இது மட்டும் போதாது.

இக்குறையைப் போக்க எளிய வழி, காய்க்குள் சத்துள்ள பொருளை அடைத்துச் சமைப்பதாகும். இத்தாலி நாட்டார் கத்தரிக்காயைக் குடைந்து, ரொட்டித் தூளும் பாலாடைக்கட்டியும் அடைத்துச் சுடுகிறார்கள். நமக்கு விருத்தாசலம் பக்கத்தில் விளையும் மல்லாட்டையும் எள்ளும் போதும். 100 கிராம் மல்லாட்டைப் பருப்பில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. எள்ளில் சுண்ணாம்புச் சத்து மிகுதி.

செய்முறை

பிஞ்சான சிறு காய்கள் அரை கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். காம்பை நீக்காமல் நான்காகக் கீறித் தண்ணீரில் போட்டால் கறுக்காது. புழு உள்ள காயும் கீறும்போதே தெரிந்துவிடும். வறுத்த மல்லாட்டைப் பருப்பு 100 கிராம், வறுத்த எள் 25 கிராம், மிளகாய், தனியா, உப்பு, சிறிது புளி ஆகியவற்றைப் பொடித்துக் காய்க்குள் அடையுங்கள். அகன்ற சட்டியில் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மூடி, சிறு தீயில் வேக வையுங்கள். ஐந்து பேர் உண்டால் ஆளுக்குச் சுமார் 7 கிராம் புரதம் கிடைக்கும். வெறும் காயை வதக்கினால் ஒன்றரை கிராம்கூடத் தேறாது.

கவனிக்க வேண்டியவை

நல்ல பருப்பை விற்றுவிட்டு, சுருங்கியதையும் பூஞ்சணம் பிடித்ததையும் வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. இதைக் கைவிட வேண்டும். பூஞ்சணம் பிடித்த மல்லாட்டையில் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உண்டாகலாம். அது கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுவதும் அழியாது. கறவை மாட்டுக்குப் போட்டால் பாலிலும் வரும்.

அதேபோல், தண்டு மற்றும் காய்த்துளைப்பானுக்கு மருந்து தெளித்த பின், மருந்தின் உறையில் குறித்துள்ள நாட்கள் கழியாமல் கத்தரிக்காயைப் பறிக்காதீர்கள். வீட்டுக்கானாலும் சந்தைக்கானாலும் இதே விதிதான். புழு தாக்கி வாடிய நுனிகளைக் கிள்ளி, சொத்தைக் காய்களையும் பறித்து அழித்து வந்தால் மருந்துச் செலவு குறையும்.

பயிரிட்டவர் வீட்டுக்கு முதல் தரம் போக வேண்டாமா? அடுத்த மல்லாட்டை அறுவடையில், நன்கு காய்ந்த நல்ல காயில் ஒரு மூட்டையை வீட்டுக்கென எடுத்து வைத்துவிட்டு மீதியை விற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.