லைம் நோய்: சோதனை முடிவை எப்படிப் புரிந்துகொள்வது?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்றோர் ஊர். 1975-இல் அவ்வட்டாரச் சிறுவர்கள் பலருக்கு மூட்டு வீங்கியது. தாய்மார்கள் விடாமல் கேட்டதால்தான் ஆய்வு தொடங்கியது. உண்ணி பரப்பும் சுருள் வடிவக் கிருமியை 1981-இல் வில்லி பர்க்டார்ஃபர் கண்டறிந்தார்.

வழக்கமான இரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. அதனுடன் போராட நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையே தேடுகிறது. அது உருவாகச் சில வாரங்களாகும். ஆகவே, தொடக்கத்தில் ‘இல்லை’ என்று வந்தால் நோயே இல்லை என்று பொருளல்ல. உண்ணி உள்ள பகுதிக்குப் போய் வந்தவரின் தோலில் நாளுக்கு நாள் விரியும் சிவப்புத் தடிப்பு இருந்தால், மருத்துவர் முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் போன்ற மருந்தைத் தொடங்குவார். பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

குணமான பிறகும் எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் தங்கலாம். மறுபடி ‘உண்டு’ என்று வந்தால், மருந்து பலிக்கவில்லை என்று அஞ்ச வேண்டாம்.

சிலருக்குக் களைப்பும் வலியும் 6 மாதங்களுக்கு மேலும் நீடிக்கும். அது பாசாங்கு அல்ல. ஆனால், மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நிலையான பலன் கிட்டவில்லை. பக்க விளைவுகளே கண்டன. அவர்களுக்குத் தேவை வலிக்கேற்ற கவனிப்பும் வீட்டாரின் பொறுமையும்.

அங்கே பிள்ளைகளைப் படிக்க அனுப்பியுள்ள பெற்றோரே, ‘ரிப்போர்ட் என்ன சொல்கிறது?’ என்று மட்டும் கேட்காதீர்கள். உண்ணி எப்போது கடித்தது, இரத்தம் எப்போது எடுத்தார்கள், இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். தாள் சொல்லாததை உடம்பு சொல்லும்.