வானில் பட்டாருக்கு ஒரு கல்

(போர்க்காலத்தில் உயிர்நீத்த வான்படைக் குழுவினரை நினைத்தல் குறித்துக் காஞ்சிபுரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



போரில் இறந்த வான்படையினரைப் பற்றிக் காஞ்சியில் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். இது கோயிலும் பட்டும் உள்ள ஊர். ஆனால் வடக்கே அரக்கோணத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்று இருந்தது. 1992 முதல் அது ஐ.என்.எஸ். ராஜாளி என்னும் கடற்படை விமானத்தளம். கிழக்கே போனால் தாம்பரம் விமானப்படைத் தளம். நம் தலைக்கு மேலே பறப்பவர்கள் நமக்கு அவ்வளவு அந்நியர்கள் அல்லர்.

இதைவிட வலுவான காரணம் ஒன்றும் உண்டு. போரில் விழுந்தவரை எப்படி நினைக்க வேண்டும் என்று தொண்டை மண்டலம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முறையை வகுத்து வைத்திருக்கிறது. வானில் இறந்தவர்கள் விஷயத்தில் அந்த முறையை நாம் கைவிட்டுவிட்டோம். ஒரு விமானியின் பெயரைச் சொல்லி மாலை போடுகிறோம். அதே விமானத்தில் அவரோடு இருந்தவர்களை விட்டுவிடுகிறோம். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றைத்தான்.

1. கல் என்ன சொல்கிறது?

விழுந்த வீரருக்கு நடுகல் நடும் சடங்கைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகப் பிரிக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிக் கண்டு, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்தும் வரை அத்தனை செயலும் கல்லைச் சுற்றியே நடக்கிறது. இந்த வரிசையில் உடலுக்கு இடமில்லை என்பதைக் கவனியுங்கள். உடல் எங்கே கிடந்தாலும், கிடைக்காமலே போனாலும், கல் நடலாம்.

அந்தக் கல்லில் என்ன எழுதினார்கள்? செங்கம் பகுதியில் தமிழகத் தொல்லியல் துறை தேடித் தொகுத்த நடுகற்களைப் பாருங்கள். இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972-இல் வெளிவந்தது. பல கற்களில் எழுத்து வட்டெழுத்து. ஆட்சியாண்டு நம் காஞ்சிப் பல்லவர்களுடையது. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எந்த ஊர்ப் பூசல், எப்படிப் பட்டான் என்று வரிசையாகச் சொல்லி முடிக்கிறது கல். புகழ்மொழி குறைவு, தகவல் நிறைவு.

அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று. மகேந்திரவர்மன் காலத்தது. ஆநிரைக்காக நடந்த தொறுப்பூசலில் கருந்தேவகத்தி என்னும் வீரன் இறந்தான். அவனுடைய நாய் கோவிவன் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. நாயின் உருவத்தையும் செதுக்கி, அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். கல் வெட்டியவருக்கு இடம் குறைவு, உளிக்கு உழைப்பு அதிகம். அப்படியும் அன்று அந்த இடத்தில் உடன் நின்ற எதையும் விட அவருக்கு மனம் வரவில்லை. இதுதான் நான் சொன்ன முறை.

2. ஒன்பது பேர், ஒரு பெயர்

1942 ஏப்ரல் 4. இலங்கையின் தென்கோடியில் உள்ள கொக்கலையிலிருந்து கனடா வான்படையின் 413-ஆம் அணியைச் சேர்ந்த கட்டலினா பறக்கும் படகு ஒன்று ரோந்து கிளம்பியது. ஸ்குவாட்ரன் லீடர் லியோனார்ட் பர்ச்சால் அதன் தலைவர். அன்று மாலை அவர்கள் தென்கிழக்கே கண்டது கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் பெரும்படை. எச்சரிக்கைச் செய்தி வயர்லெஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போதே ஜப்பானியப் போர் விமானங்கள் அந்தக் கட்டலினாவைச் சுட்டு வீழ்த்தின. செய்தி கொழும்பை எட்டிவிட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு விழுந்தபோது நகரம் முன்னறிவிப்போடு இருந்தது. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டது.

அந்த ஏப்ரலில் மதராஸ் பட்ட பாட்டை இங்குள்ள மூத்தவர்கள் தங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். அரசு அலுவலகங்கள் உள்நாட்டுக்கு மாறின. குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பின. மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். வங்கக் கடலுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாத பீதி அது. தெற்கே இந்தியப் பெருங்கடல்மேல் பறந்து, வருவது என்னவென்று கண்டு சொன்னவர்கள் அந்தக் கட்டலினாவில் இருந்தவர்கள்.

பர்ச்சாலுக்கு ‘இலங்கையைக் காத்தவர்’ என்ற பட்டம் நிலைத்துவிட்டது. அவர் ஜப்பானியச் சிறையில் போர் முடியும்வரை இருந்து, ஊர் திரும்பி, நெடுநாள் வாழ்ந்தார். அந்தப் புகழுக்கு அவர் தகுதியானவரே. ஆனால் விமானத்தில் இருந்தவர்கள் ஒன்பது பேர். மூவர் இறந்தார்கள், ஆறு பேர் சிறைப்பட்டார்கள். எச்சரிக்கையை அடித்து அனுப்பியது வயர்லெஸ் சாவிமேல் இருந்த ஒரு சார்ஜென்டின் விரல். கடல்மேல் எந்த இடத்தில் கப்பல்கள் நிற்கின்றன என்பதைக் கணக்கிடாமல் அனுப்பியிருந்தால் அந்தச் செய்திக்குப் பயனில்லை, கணக்கிட்டவர் இன்னொருவர். இந்த வேலைப் பகிர்வை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா, தறியில் இரண்டு ஆள். கரைப்பக்கம் நாடா கோக்கும் துணையாள் இல்லாமல் கரை உடலோடு சேராது என்பது நெய்தவர்களுக்குத் தெரியும். கடையில் வாங்குகிறவர்களுக்குத் தெரியாது.

3. தோலோலிங், 1999 மே 28

கார்கில் போரில் விமானப்படை தாக்குதலைத் தொடங்கியது 1999 மே 26. மறுநாள் ஒரு மிக்-27 விழுந்து அதன் விமானி சிறைப்பட்டார். அவரைத் தேடித் தாழப் பறந்த ஸ்குவாட்ரன் லீடர் அஜய் ஆஹுஜாவின் மிக்-21 சுடப்பட்டு, அவர் உயிரிழந்தார். மூன்றாம் நாள், 152-ஆம் ஹெலிகாப்டர் பிரிவின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்கள் ‘நுப்ரா’ என்ற அழைப்புப் பெயரோடு தோலோலிங் முகட்டைத் தாக்கச் சென்றன. ராக்கெட்டுகளை ஏவிவிட்டுத் திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டரை ஸ்டிங்கர் ஏவுகணை தாக்கியது. தோளில் வைத்து ஏவும் இந்த ஏவுகணை எஞ்சினின் வெப்பத்தைத் தேடி வரும். அதை ஏமாற்றத் தீச்சுடர்களை உமிழும் கருவி அந்த ஹெலிகாப்டரில் இல்லை. உயரமான மலையில் காற்றின் அடர்த்தி குறைவு. கனத்த ஹெலிகாப்டர் சட்டென்று விலகித் தப்பவும் முடியாது. இந்த இழப்புக்குப் பிறகு எம்.ஐ.-17-ஐத் தாக்குதல் வேலைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

அதில் இருந்த நால்வர்: ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டீர், ஃப்ளைட் லெஃப்டினன்ட் எஸ். முகிலன், சார்ஜென்ட் பி.வி.என்.ஆர். பிரசாத், சார்ஜென்ட் ராஜ்கிஷோர் சாகு. நால்வருக்கும் மறைவுக்குப் பின் வாயுசேனா பதக்கம் வழங்கப்பட்டது.

அரசு நால்வரையும் ஒன்றாகவே நினைத்திருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? தமிழ்ப் பெயர் என்று முகிலனைத் தேடி எடுத்துக்கொள்கிறோம். அதிகாரிகள் இருவரோடு நின்றுவிடுகிறோம். அந்த வகை ஹெலிகாப்டரில் ஃப்ளைட் எஞ்சினியர் எஞ்சினையும் எரிபொருளையும் பார்ப்பார். துப்பாக்கியாளர் இரு பக்கத்தையும் கவனிப்பார். ஏவுகணைக்குப் பதவியும் தெரியாது, தாய்மொழியும் தெரியாது. நம் நினைவுக்கு மட்டும் இரண்டும் தெரிகின்றன.

4. உடல் கிடைக்காதவர்கள்

தரைப்படை வீரருக்குப் பெரும்பாலும் ஒரு களம் இருக்கும். கடலில் விழுந்த விமானத்துக்கு அதுவும் இல்லை. 1971 டிசம்பர் 10 அன்று அரபிக் கடல்மேல் இந்தியக் கடற்படையின் அலிசே விமானம் ஒன்றைப் பாகிஸ்தானின் எஃப்-104 சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்தவர்கள் லெஃப்டினன்ட் கமாண்டர் அசோக் ராய், லெஃப்டினன்ட் எச்.எஸ். சிரோஹி, விமானப் பணியாளர் ஓ. விஜயன். மூவரும் திரும்பவில்லை. அந்தப் போரில் காணாமற்போன ஐம்பத்து நான்கு பேர் என்று பேசப்படும் பட்டியலில் விமானிகள் பலர். ‘இறந்தார்’ என்று சொல்ல முடியாமல், ‘இருக்கிறார்’ என்றும் சொல்ல முடியாமல் அந்த வீடுகளில் திதி கொடுக்கவும் நாள் குறிக்க முடியவில்லை. 2007-இல் உறவினர்கள் பாகிஸ்தான் சிறைகளுக்கே போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

போர்க்காலமல்லாத ஒரு இழப்பையும் இங்கே சொல்ல வேண்டும். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.-32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. அதன் சிதைவுகளின் படங்கள் 2024 ஜனவரியில்தான் வெளிவந்தன. சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி ஏறக்குறைய 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்கள் அவை. ஏழரை ஆண்டு கழித்தாவது எந்த இடம் என்று அந்தக் குடும்பங்களுக்குத் தெரிந்தது.

இடமும் தெரியாதவர்களுக்கு உலகம் பெயர்ப்பலகை கண்டது. சிங்கப்பூரின் கிராஞ்சியில் கல்லறை அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சுவர்களில் இருக்கின்றன. தெற்காசிய, கிழக்காசிய வானில் மறைந்தவர்களும் அவர்களுள் உண்டு. நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள். பூந்தமல்லி வழியாகச் சென்னைக்குப் போகிறவர்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். பராமரிக்க வழியில்லாத பல ஊர்க் கல்லறைகளிலிருந்து அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். தளபதிக்கும் சிப்பாய்க்கும் கல் ஒரே அளவு என்பது இந்தக் கல்லறைகளைப் பேணும் ஆணையத்தின் விதி. டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்திலும் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் கருங்கல்லில் ஏறியிருக்கின்றன. உடலை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துக்கொள்ளும் இந்த வழி நம் நடுகல் வழிக்கு வெகு தூரமில்லை.

5. எதிரி எழுதிய வரி

1965 செப்டம்பர் 7 அன்று ஆதம்பூரிலிருந்து பாகிஸ்தானின் சர்கோதாவைத் தாக்க இந்திய விமானப்படையின் 1-ஆம் அணியின் மிஸ்டேர் விமானங்கள் சென்றன. ஸ்குவாட்ரன் லீடர் ஏ.பி. தேவய்யா அன்று மாற்றாளாக வைக்கப்பட்டிருந்தவர்; இடம் கிடைத்ததும் சேர்ந்துகொண்டார். திரும்பவில்லை. தனியாகப் பறந்ததால், பார்த்தேன் என்று சொல்லத் தோழர் யாரும் இல்லை. பாகிஸ்தான் தரப்புச் செய்திகளைக் கொண்டு ஜான் ஃப்ரிக்கர் என்னும் பிரிட்டிஷ் எழுத்தாளர் 1979-இல் எழுதிய நூலில்தான், ஒரு மிஸ்டேர் தன்னைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகமான எஃப்-104 ஸ்டார்ஃபைட்டரை வானில் எதிர்த்து வீழ்த்தியது தெரியவந்தது. அந்த விமானத்தில் இருந்தவர் தேவய்யாதான் என்று முடிவாகி, 1988-இல் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. இருபத்து மூன்று ஆண்டுகள்!

எதிரியின் எழுத்திலிருந்து உண்மை தெரியவருவது காஞ்சிக்காரர்களுக்குப் புதுமை அல்ல. நம்மை வென்ற சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன், கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்துக் கோயிலுக்கே திருப்பித் தந்த செய்தியைக் கன்னடத்தில் அங்கேயே பொறித்துவிட்டுப் போனான். அந்தக் கல்வெட்டை நாம் செதுக்கி அழிக்கவில்லை. படித்து வரலாறு எழுதுகிறோம். இறந்தவரின் உண்மை எந்தக் கையில் இருந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். போரைக் கொண்டாடுவது வேறு, போரில் யார் எங்கே எப்படி இறந்தார் என்று சரியாகச் சொல்வது வேறு. இரண்டாவதைச் செய்கிறவர்களுக்கு முதலாவதில் அவ்வளவாக ஆசை இருக்காது.

6. செய்ய வேண்டியது

சிலை கேட்டு நான் வரவில்லை. நம் ஊரில் சிலைக்கும் பஞ்சமில்லை, அதன் காலடியில் வாடும் மாலைக்கும் பஞ்சமில்லை. நான் கேட்பது ஒரு பதிவேடு. பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுதும், 1939 முதல் இன்றுவரை, வானில் பணியாற்றி இறந்தவர்களை இந்த ஊர்க் கல்லூரி மாணவர்கள் தேடட்டும். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தொடங்கலாம். பள்ளிப் பதிவேடுகளுக்கும் வீடுகளுக்கும் போகலாம். விமானியோடு நிற்காதீர்கள். வயர்லெஸ்காரர், வழி கணித்தவர், துப்பாக்கியாளர், எஞ்சினியர் என அனைவரையும் தேடுங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் போதும். பெயர், ஊர், பிரிவு, விமானம், நாள், இடம், அவர் செய்த வேலை. கடைசியில் ஒரு கட்டம்: உடன் இருந்தவர்கள். அந்தக் கட்டத்தில் வரும் பெயர் ஆந்திரத்தவருடையதாக இருக்கலாம், ஒடிசாக்காரருடையதாக இருக்கலாம், ஆங்கிலேயருடையதாகவும் இருக்கலாம். தமிழ் எழுத்தில் முழுப் பெயரையும் எழுதுங்கள். அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும்வரை அந்தப் பக்கம் முடிந்ததாகக் கொள்ளாதீர்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் பேச வருபவர், நீங்கள் நிரப்பிய பக்கங்களை வாசிப்பதையே தம் சொற்பொழிவாகக் கொள்ளலாம்; இந்த அறக்கட்டளைக்கு அதைவிட நல்ல செலவு இருக்காது.