கணக்கு இடித்தால் யார் பேரில் எழுதுவது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

தண்ணீர் லாரி, பராமரிப்புக் கட்டணம் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். செயலாளர் எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்.

என் பேரனுக்கு ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். அன்று முதல் லிஃப்டில் ஏறினாலே ஒரு காரணம் சொல்கிறார்கள். செல்போன் காட்டியதால், தடுப்பூசியால், அம்மா வேலைக்குப் போனதால். கடைசிக் காரணத்தை முதலில் சொன்னவன் நான்தான். மருமகள் பதில் பேசவில்லை. ஆனால் அதன்பின், பார்க் காலியான பிறகு இரவு ஒன்பது மணிக்குத்தான் பையனை அங்கே அழைத்துப் போவாள். அதைப் பார்த்துத்தான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பிறகு, பாசம் காட்டாத ‘ஃபிரிட்ஜ் அம்மா’தான் காரணம் என்ற கருத்து பரவியது. 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் அதையே புத்தகமாக எழுதினார். ஆனால் 1964-லேயே பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், இது மூளை சார்ந்தது என்று வாதாடியிருந்தார். அவர் மகனுக்கும் ஆட்டிசம். 1977-ல் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒரே மாதிரி இரட்டையர் 11 ஜோடியில் 4 ஜோடிக்கு, இருவருக்குமே ஆட்டிசம். மற்ற 10 ஜோடியில் ஒன்றில்கூட அப்படி இல்லை. பரம்பரையின் பங்கு தெரியவந்தது.

1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 12 குழந்தைகளை வைத்து எம்எம்ஆர் தடுப்பூசி மேல் சந்தேகம் கிளப்பினார். 2010-ல் ‘லான்செட்’ அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது; அவரது மருத்துவப் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளை ஆராய்ந்து 2019-ல் வந்த முடிவும், தடுப்பூசிக்குத் தொடர்பில்லை என்பதே.

மரபணுக்களின் பங்கு பெரிது. பெற்றோரின் வயது, குறைப்பிரசவம் போன்றவையும் சேரலாம். ஆனால் ஒரு குழந்தையைக் காட்டி ‘இதனால்தான்’ என்று பெரும்பாலும் சொல்ல முடியாது.

வங்கியில் மாலையில் கணக்கு இடித்தால், வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் வைத்துவிட்டுத் தேடுவோம். கவுன்டரில் நிற்கும் வாடிக்கையாளர் பேரில் பற்று எழுத மாட்டோம். இங்கே நாம் அதைத்தான் செய்கிறோம். கையருகே நிற்கும் தாயின் பேரில் எழுதிவிடுகிறோம்.

இன்னொன்று. “ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்” என்று காத்திருக்காதீர்கள். சந்தேகம் வந்தால் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காரணம் தெரியாவிட்டாலும் பயிற்சியைத் தொடங்கலாம்.

மருமகளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல மாமா, சாயங்காலம் அவனை பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?” என்றாள். இப்போது தினமும் ஆறு மணிக்கு அங்கேதான் இருக்கிறோம். அவனுக்கு ஊஞ்சல் பிடிக்கும். உங்கள் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.