எலிக்கு அவசரம், யானைக்கு நிதானம்

பொறியில் இன்றைக்கு ஓர் எலி சிக்கும். நாளைக்கே அரிசி மூட்டைப் பக்கம் இன்னொன்று ஓடும். ஏன் தெரியுமா?

சுண்டெலிக்குச் சினைக்காலம் சுமார் 20 நாள்தான். ஒரே ஈற்றில் ஐந்தாறு குட்டிகள். கண் திறக்காமல், முடி முளைக்காமல் சிவப்பாகக் கிடக்கும். ஆறேழு வாரத்தில் அவையும் குட்டி போடத் தயார்! யானையோ ஏறத்தாழ 22 மாதம் சுமந்து ஒரே கன்றை ஈனும். அடுத்த கன்றுக்கு நாலைந்து வருஷமாகும்.

பூனை, பாம்பு, ஆந்தை என்று எலிக்கு எந்நேரமும் ஆபத்து. சாவதற்குள் நிறையப் பெற்றாக வேண்டும். வளர்ந்த யானையை எதிர்க்க விலங்குகள் அஞ்சும்; அதனால் ஒன்றைப் பெற்றுப் பொறுமையாக வளர்க்கிறது.

பத்து எலி செத்தாலும் சில வாரத்தில் ஈடாகிவிடும். ஒரு பெண் யானையை இழந்தால் ஈடுகட்டப் பல ஆண்டுகளாகும்.