அப்பா அம்மாவுக்கு விசா
(மறுசந்திப்பு விழாவில் பேசியது)



நம்ம செட்டில் பலர் அமெரிக்காவில் இருக்கிறோம். எதைப் பற்றிப் பேசலாம் என்று கேட்டபோது, "அப்பா அம்மா விசாவைப் பத்திச் சொல்லுடா" என்றார்கள். சொல்கிறேன்.

முதலில் சட்டம். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, சுற்றுலா விசா கேட்டு வருகிறவரை, அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்றுதான் முதலில் கருதச் சொல்கிறது. 'இல்லை, திரும்பி வருவேன்' என்று காட்டுவது விண்ணப்பிப்பவர் பொறுப்பு. ஆகவே மறுத்துவிட்டால் அப்பாவை அவமானப்படுத்தியதாக நினைக்க வேண்டாம். அது நிரந்தரத் தடையும் அல்ல, மறுபடி விண்ணப்பிக்கலாம். கட்டிய பணம்தான் திரும்பாது. 2023 ஜூனில் அந்தக் கட்டணம் 160 டாலரிலிருந்து 185 டாலராக உயர்ந்தது.

அடுத்து படிவம். டி.எஸ்.160, ஆளுக்கு ஒன்று. நிரப்புவது நாம், பதில் சொல்லப் போவது அவர்கள். நிரப்பியதை வரி விடாமல் தமிழில் படித்துக் காட்டுங்கள். நம் ஊர்ப் பெயர்களில் ஒரு சங்கடம் உண்டு. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால், அதை 'சர்நேம்' இடத்தில் எழுதி, 'கிவன் நேம்' இடத்தில் எஃப்.என்.யூ. என்று போட வேண்டும். விசாவைப் பார்த்துவிட்டு, "யாருப்பா இந்த எஃப்.என்.யூ.?" என்று அப்பா கேட்பார். முன்பே சொல்லி வையுங்கள்.

சென்னையில் முதலில் கைரேகை. பிறகு ஒரு நாள் ஜெமினி மேம்பாலம் அருகே துணைத் தூதரகத்தில் நேர்காணல். சில நிமிடம்தான்; தமிழிலேயே பேசலாம். எங்கே, எதற்கு, எத்தனை நாள், யார் செலவு, பிள்ளை என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்பார்கள். கட்டுக்கட்டாகக் காகிதம் கொண்டுபோனாலும் பார்க்காமலே போகலாம். பேச்சுதான் முக்கியம்.

இங்கேதான் நாம் கெடுக்கிறோம். மகள் பிரசவத்துக்குப் போகிறவர்களிடம், "அதைச் சொல்லாதீங்க, ஊர் சுத்திப் பார்க்கப் போறோம்னு சொல்லுங்க" என்று ஒப்பிக்க வைக்கிறோம். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்து, பொய் சொல்லாதே என்று கற்பித்தவருக்கு அந்தக் கவுண்டரில் குரல் நடுங்காதா? பொய் சொல்லி விசா வாங்கப் பார்த்தார் என்று முடிவுகட்டினால் நிரந்தரத் தடையே வரலாம். மகளுக்குப் பிரசவம், கூட இருந்துவிட்டுத் திரும்புவோம் என்பதில் மறைக்க என்ன இருக்கிறது?

விசாவில் பத்து வருஷம் என்று இருக்கும். ஆனால் ஒரு பயணத்தில் எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலைய அதிகாரிதான் முடிவு செய்வார். பெரும்பாலும் ஆறு மாதம். ஐ-94 பதிவில் அந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள். மருத்துவக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏற்றாதீர்கள்.

கடைசியாக ஒன்று. படிவத்தைத் திறக்கும் முன், "உங்களுக்கு வர இஷ்டமா?" என்று அவர்களிடம் கேளுங்கள். நம்மில் பலர் அதைக் கேட்பதே இல்லை.