ஐந்து பேருக்கு ஒரு சாப்பாட்டு மேசை
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

எனக்கு மேடையில் பேச வராது. எழுதி வைத்துத்தான் படிக்கிறேன்.

எல்லாரும் மாடு, கடை, தையல் மெஷின் வாங்கியதைப் பற்றிப் பேசினீங்க. நான் உள்கடன் வாங்கிச் சாப்பாட்டு மேசை செய்த கதையைச் சொல்றேன். குழுவில் கேட்டப்பவே ஒரு அக்கா, "மாடு வாங்கினா பால் கறக்கும், மேசை என்னடி கறக்கும்?"னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். வீட்டில் இருக்கிற மாட்டுப் பால் பணத்தில் மாசம் 800 ரூபாய் கட்டுறேன்னு சொன்ன பிறகுதான் தீர்மானப் புத்தகத்தில் எழுதினாங்க.

எங்க ஓட்டு வீட்டைப் பிரித்து மெத்தை வீடாகக் கட்டினோம். எங்க அத்தைக்கு ரெண்டு முழங்காலும் தேய்ந்து போச்சு. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ரெண்டு பேர் தூக்கணும். அதனால் கட்டிலிலேயே மடியில் தட்டை வைத்துத் தனியாகச் சாப்பிடுவாங்க. பாதி நாள் போதும் போதும்னு மிச்சம் வைத்துடுவாங்க. மேசை யோசனை அங்கேதான் வந்தது.

கடையில் விசாரித்தால் 22,000 ரூபாய். அதுவும் மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை, தண்ணி பட்டால் உப்பிடும். பிரித்த வீட்டின் வேப்ப உத்திரம் ரெண்டு வாசலில் கிடந்தது. பழைய மரம் வாங்குறவர் ரெண்டுக்கும் 3,000 தர்றேன்னார். நான் கொடுக்கலை. பல வருசம் கூரையில் காய்ந்த மரம் இனிமே அவ்வளவா முறுக்காது. வேம்பில் கரையானும் சுலபமா ஏறாது. பழைய ஆணியை எல்லாம் பிடுங்கிட்டுத்தான் அறுவை மில்லுக்குக் கொண்டுபோனோம். ஒரு ஆணி உள்ளே இருந்தாலும் ரம்பம் போச்சு.

ஆசாரி அண்ணன் வந்து, "எத்தனை பேருக்கு?"ன்னார். எங்க வீட்டுக்காரர் யோசிக்காமல், "நாலு பேருக்கு"ன்னார். அவர், அத்தை, பிள்ளைங்க ரெண்டு பேர். கணக்கு சரிதான், நான் எங்கேன்னு கேட்டேன். "நீ பரிமாறிட்டு அப்புறம்தானே சாப்பிடுவே?"ன்னார். கோபமா சொல்லலை, வழக்கத்தைச் சொன்னார். "அஞ்சு பேருக்குப் போடுங்கண்ணே, சட்டி பானையை மேசை நடுவில் வைச்சுட்டா அவங்கவங்க எடுத்துப் போட்டுக்கலாம்"னு சொல்லிட்டேன். அத்தை உள்ளே இருந்து, "அவ சொல்ற மாதிரி செய்யப்பா"ன்னாங்க.

அளவுக்கு நான் செய்தது இதுதான். கோலமாவை எடுத்துக் கூடத்துத் தரையில் மேசையை அப்படியே வரைந்தேன். 5 அடி நீளம், 3 அடி அகலம். ஆளுக்கு 2 அடி வேணும். ஒரு முனையைச் சுவரோடு ஒட்டிட்டால் இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு, மிச்ச முனையில் ஒருத்தர். பின்னாடி நாற்காலியை இழுத்து எழுந்திருக்க 3 அடி விட்டேன். கோலத்தைச் சுத்திக் குடத்தைத் தூக்கிக்கிட்டு நடந்து பார்த்தேன், இடிக்கலை. பிள்ளைங்க பக்கத்துக்கு நாற்காலி வேண்டாம், மிச்சப் பலகையில் பெஞ்சு போடச் சொன்னேன். சாப்பிட்டதும் உள்ளே தள்ளிடலாம், இடமும் மிச்சம், காசும் மிச்சம்.

உயரம் இரண்டரை அடி. நாற்காலி ஒன்றரை அடி. அத்தைக்குக் கை வைத்த நாற்காலிதான் வேணும், கையை ஊன்றித்தானே எழுந்திருப்பாங்க. ஆனால் அந்தக் கை மேசைக்கு அடியில் இருக்கிற சட்டத்தில் இடிக்கும். நாற்காலியைப் பக்கத்தில் வைத்து அளந்து, அந்த முனைச் சட்டத்தை மட்டும் 4 அங்குலத்திலிருந்து இரண்டரை அங்குலமாக இழைக்கச் சொன்னேன். ஆசாரி அண்ணன், "இத்தனை வருசத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை"ன்னார்.

கால்களைத் துளை போட்டுக் கழுந்து ஏத்திச் சேர்த்தார். மேல்பலகையை மட்டும் இறுக்கி ஒட்டலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை அகலவாக்கில் கொஞ்சம் விரியும், சித்திரையில் சுருங்கும். அதுக்கு இடம் விட்டு, ஸ்குரு போடுற ஓட்டையை நீளமாகப் போட்டார். ஓரத்தையும் மூலையையும் உருட்டியாச்சு. உப்புத்தாள் தேய்ச்சது நானும் பெரிய பொண்ணும். சூடான சட்டிக்கு அடியில் பிரிமணை வைக்கிறோம், இல்லைன்னா வார்னிஷ் வெளுத்துடும்.

அறுவைக் கூலி 800, ஆசாரி கூலி ஆறு நாளுக்கு 6,000, பெவிகால், ஸ்குரு, உப்புத்தாள், வார்னிஷ் எல்லாம் 1,500. ஆக 8,300. கடன் 8,000 போக 300 கைக்காசு. பத்தாவது தவணையைப் போன மாசம் கட்டி முடிச்சேன்.

பொங்கல், தீபாவளிக்கு இப்பவும் தரையில் இலை போட்டுத்தான் சாப்பிடுறோம், அது வேற. மத்த நாளில் ராத்திரி அஞ்சு பேரும் ஒண்ணா உட்காருறோம். சாம்பாரில் உப்பு இல்லைன்னா இப்ப எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரியுது, எனக்கும் சேர்த்து. அத்தை மறுசோறு கேட்கிறாங்க. எங்க வீட்டுக்காரர் தண்ணிச் சொம்பை அவரே எட்டி எடுத்துக்கிறார். முதல் ஒரு வாரம் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கேள்வி கேட்ட அக்காவே போன வாரம் டேப்போடு வந்து அளவு எடுத்துட்டுப் போனாங்க. அவங்க வீட்டில் ஏழு பேர். கோலமாவு மட்டும் என் வீட்டிலிருந்தே கொடுத்தனுப்பினேன்.